பட்டனைத் தொடாதே

போன வாரம் நம் மருமகளை லாரியின் பின்கதவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். கையில் ஒரு வெள்ளரிக்காய், காலடியில் இன்னும் பிரிக்காத பயணப் பை.

காய்கறிப் பாதுகாப்புப் பயிற்சிக்கு என்று போனவள், ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மாமனாரின் காய்கறி மண்டிக்கு வந்தாள். வந்தவளை வரவேற்றது, சூப்பர் மார்க்கெட் கம்பெனி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய லாரி. மாலை போட்டு வரவேற்க வேண்டாம், இப்படியா வரவேற்பார்கள்?

வெள்ளரியின் நிறம் நல்ல பச்சைதான். ஆனால் தோல் முழுக்கக் குழி குழியாக, அம்மை போட்டு இறங்கின முகம் மாதிரி இருந்தது. கத்திரிக்காயை எடுத்துப் பார்த்தாள். மினுமினுப்பு போய், அங்கங்கே அமுங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. வெண்டைக்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"போகும்போது தங்கமாட்டம் போச்சு அண்ணி. நானே நின்னு ஏத்திவிட்டேன்," என்றான் கொழுந்தன். இரண்டு பையன்களில் அவன் சின்னவன். மூத்தவன், அதாவது நம் மருமகளின் கணவன், வேறொரு லாரியோடு வெளியூரில் இருக்கிறான். "அங்கே கடையில ரெண்டு நாள் வச்சிருக்காங்க. அதுக்குள்ள இப்படி ஆயிருக்கு. அவங்கதான் எதையோ பண்ணியிருக்காங்க."

அவள் வெள்ளரியை லாரியிலேயே போட்டாள். மண்டியின் பின்கட்டுக்குப் போனாள். அங்கேதான் அவளுடைய குளிர் அறை. முன்பு உடைந்த சாமான் போட்டு வைத்திருந்த கிடங்கு அது. மாமனாரிடம் மல்லுக்கட்டி வாங்கி, சுவருக்குத் தெர்மோகோல் பலகை அடித்து, மெஷின் வைத்து, அவள் உண்டாக்கிய அறை. வாங்கும் காயில் கால்வாசியைத் தினமும் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்த மண்டி இது. இந்த அறை வந்த பிறகு குப்பை வண்டிக்காரரே, "என்னம்மா, வியாபாரம் படுத்துருச்சா?" என்று விசாரித்தார்.

ஆனாலும் மாமனார் ஒரு நிபந்தனை போட்டுத்தான் அறையைக் கொடுத்தார். இது சரிப்படவில்லை என்றால் ஐஸ்கிரீம் ஏஜென்டுக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்றார். அந்த ஏஜென்டும் வாரம் தவறாமல் வந்து, அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

கதவுக்குப் பக்கத்தில் சுவரில், உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும் பேனல். பதினொன்று என்று எரிய வேண்டிய இடத்தில் நாலு என்று எரிந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தம்பி!" என்று ஒரு கத்துக் கத்தினாள். சின்னவன் ஓடி வந்தான். லோடு ஏற்றுகிற ஆட்களும் பின்னாலேயே வந்தார்கள். எடை மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரும் எழுந்து வந்தார்.

"பட்டனைத் தொட்டியா?"

"இல்லையே."

"நான் போகும்போது பதினொண்ணு. இப்ப நாலு. பேய் வந்து குறைச்சுதா?"

"நான் தொடல அண்ணி. நாலுன்னு இருந்ததைப் பார்த்தேன்."

"பார்த்தியா! பார்த்துட்டுச் சும்மாவா இருந்த?"

"நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க, என்ன ஆனாலும் பட்டனைத் தொடாதேன்னு? நீங்களே நாலு வச்சிட்டுப் போயிருக்கீங்கன்னு நினைச்சேன். ஜில்லுனு இருந்தா நல்லதுதானே?"

"ஒரு போன் பண்ணிக் கேட்க வாய் இல்லையா?"

"கிளாஸ்ல இருப்பேன், போன் பண்ணாதேன்னும் சொன்னீங்களே!"

லோடு ஆட்களில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா?

"எனக்குத் தெரியும்டா. அந்த ஐஸ்கிரீம்காரன்கூட நீ சேர்ந்து சுத்தும்போதே எனக்குத் தெரியும். இந்த ரூம் நாசமாப் போகணும்னுதானே காத்துக்கிட்டிருந்த?"

சொன்ன பிறகு அவளுக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. வாயை விட்டு வந்ததைத் திரும்ப அள்ளிப் போட்டுக்கொள்ளவா முடியும்? சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை.

இடுப்பில் செருகியிருந்த குளிர் அறைச் சாவியை எடுத்தான். நடந்து போய் எடை மெஷினின் தட்டில் வைத்தான்.

"தொடாதே, திறக்காதே, சேர்த்து அடுக்காதே. இதைத் தவிர என்கிட்ட வேற என்ன பேசியிருக்கீங்க அண்ணி? ஒரு தடவையாவது ஏன்னு சொல்லியிருக்கீங்களா? சொன்னாத்தான் எனக்கு மண்டையில ஏறாதா?"

அவன் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான். ஆட்கள் மெல்லக் கலைந்தார்கள். மாமனார் மட்டும் கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடி அது.

மத்தியானம் அந்தக் கம்பெனியின் தர அதிகாரி நேரில் வருகிறாராம். இனிமேல் இவர்களிடம் காய் எடுப்பதா, வேண்டாமா என்று அவர் முடிவு சொல்லிவிட்டுப் போவார். குளிர் அறையின் தலையெழுத்தும் அதோடு முடிவாகிவிடும்.

அவள் வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்தாள்.

கூடத்தில் நாத்தனார் போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பது இந்தக் கடைக்குட்டியால்தான். அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டோடு தினமும் போன்தான்.

"அந்த வீட்டு அத்தைதான் அண்ணி," என்று போனை வைத்துவிட்டு வந்தாள். "இன்னும் உங்க ரூமைப் பத்தித்தான் பேசறாங்க. அன்னிக்குப் பிடிச்ச ஜலதோஷம் இன்னும் விடலையாம்!"

"என் ரூமா? அவங்க எப்ப அங்கே போனாங்க?"

"நீங்க ஊருக்குப் போன மறுநாள் எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்தாங்கல்ல? நான் சொல்லவே இல்லையா? சாவியை அப்பாகிட்ட குடுத்துட்டுச் சின்னண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தாரு. அப்பா சும்மா இருக்காம, வாங்க ரூமைக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போயிட்டாரு. மாப்பிள்ளையோட அப்பா உள்ளே நின்னு பார்த்துட்டு, 'இவ்வளவுதான் குளிருமா, எங்க ஆபீஸ் ஏசியே இதைவிட ஜாஸ்தி'ன்னுட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நம்ம அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு! வெளியே போய் டொக்கு டொக்குனு பட்டனை அமுக்கினாரு. எல்லாரையும் உள்ளேயே நிக்க வச்சு, பல்லு தந்தியடிக்கற வரைக்கும் விடல. அத்தை காயை மூடியிருந்த சாக்கையே எடுத்துப் போர்த்திக்கிட்டாங்க!"

மருமகள் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"அப்பா பேசின பேச்சைக் கேட்கணுமே அண்ணி! 'இது என் மருமக போட்ட ரூம். காயைப் பறிச்சப்புறமும் அது மூச்சு விட்டுக்கிட்டிருக்குன்னு இந்த மார்க்கெட்லயே என் மருமக ஒருத்திக்குத்தான் தெரியும். அவளைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க'ன்னு ஒரே அளப்பு. நம்ம அப்பாவா இப்படிப் பேசறாருன்னு நானே வாயைப் பொளந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனார் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை அவள் கேட்டதில்லை. உப்பு கம்மி, கதவைச் சாத்து, கரண்டு பில் ஏறுது. இவ்வளவுதான் அவர் பேச்சு. காய் மூச்சு விடுகிறது என்று அவள் சொன்ன அன்றைக்கு, "அப்ப அதுக்குக் காபி தண்ணி குடு," என்று கேலி செய்த மனிதர். அதையே பெருமையாக ஊரார் முன்னால் சொல்லியிருக்கிறார். சொன்ன ஜோரில் பட்டனைப் பழையபடி வைக்க மறந்துபோயிருக்கிறார்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? லாரி லாரியாகக் காய் போனாலும் அந்த ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த நிமிஷம் இன்னொன்று உறைத்தது. காலையில் அவர் அங்கேயேதான் நின்றார். நாலு என்று அவள் கத்தியபோதே அவருக்குப் புரிந்திருக்கும். சின்னவன் தலையில் அது விழுந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் மண்டிக்கு வந்த தர அதிகாரி ஒரு கண்ணாடிக்கார அம்மா. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. வந்ததும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. பையிலிருந்து ஊசி மாதிரி ஒரு தெர்மாமீட்டரை எடுத்து, அறையில் இருந்த வெள்ளரியில் குத்திப் பார்த்தார். அப்புறம் திரும்பி வந்த கத்திரிக்காய் ஒன்றை நீளவாக்கில் அரிந்தார். உள்ளே விதையெல்லாம் காபித் தூள் நிறத்தில் இருந்தது.

"இது நோய் இல்ல," என்றார்.

"குளிர் அடிச்ச காயம் மேடம்," என்றாள் மருமகள். "நாலு டிகிரியில இருந்திருக்கு."

"தெரியுதுல்ல? அப்புறம் எப்படி ஆச்சு? யார் குறைச்சது?"

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். வாசலில் லோடு ஆட்கள் இந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். காலையில் கொழுந்தனை எந்த ஆட்களுக்கு முன்னால் கூண்டில் ஏற்றினாளோ, அதே ஆட்கள். மாமனாரையும் ஏற்றிவிடலாம். ஒரு வார்த்தை போதும். சின்னவன் மேல் விழுந்த பழியும் அதோடு போகும்.

"யார் குறைச்சாங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். வேணும்னு செய்யல. குறைக்கக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியாது. பார்த்துக்கிட்டிருந்தவனுக்கும் தெரியாது. ஏன்னா நான் சொல்லல. தொடாதேன்னு சொன்னேன், ஏன்னு சொல்லல."

அந்த அம்மா கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"நான் நிறைய ரூம் பார்த்துட்டேன். மெஷின் கெட்டுப்போய்க் காய் போறது கொஞ்சம்தான். ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆளு அன்னிக்கு இல்லைன்னு போறதுதான் ஜாஸ்தி. நீங்க லீவு போட்டா உங்க ரூமும் லீவு போட்டுடுது. நான் உங்க படிப்பை நம்பி எப்படிக் காய் எடுக்க முடியும்?"

"இன்னொரு தடவை பாருங்க மேடம்."

"பார்க்கறேன். அடுத்த வாரம் வருவேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க பேசக் கூடாது. உங்களைத் தவிர வேற யாராவது ஒருத்தர் இந்த ரூமைப் பத்தி நான் கேட்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா எனக்குத் தெரிஞ்சுரும். ஏன்னு கேட்பேன். சொல்லலைன்னா உங்க காய் எங்களுக்கு வேண்டாம்."

கார் கிளம்பிப் போனது. ஆட்களும் டீ குடிக்கப் போனார்கள். கொட்டகையில் மாமனாரும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள். எடை மெஷின் தட்டில் காலையில் வைத்த சாவி அப்படியே கிடந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. தொடாமல் இருப்பதில்தான் இந்த வீட்டில் எல்லாரும் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்களே!

"பட்டனை அமுக்கினது நான்," என்றார் அவர்.

"தெரியும் மாமா."

"தெரியுமா? தெரிஞ்சுமா அந்த அம்மாகிட்ட சொல்லல?"

"உங்ககிட்டதானே பேசணும்? அவங்ககிட்ட எதுக்கு?"

அவர் காய் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலையிலேயே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. இத்தனை பேர் நிக்கறாங்களேன்னு முழுங்கிட்டேன். பையன்தானே, தாங்கிக்குவான்னு நினைச்சேன்." தட்டில் கிடந்த சாவியைப் பார்த்தார். "அவன் சாவியை வச்சிட்டுப் போனப்பதான் தாங்கலைன்னு தெரிஞ்சுது."

"நானும் பேசக் கூடாததைப் பேசிட்டேன் மாமா."

"அது இருக்கட்டும். எனக்கு ஒண்ணு சொல்லு. குளிர் ஜாஸ்தியா இருந்தா நல்லதுன்னுதானே எல்லாரும் நினைக்கிறோம்? காய் எப்படிக் கெடுது? ஏன்?"

இந்த அறை வந்ததிலிருந்து அந்த 'ஏன்' அவர் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. அவள் இன்னொரு கிரேட்டை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, அரிந்த கத்திரிக்காயை அவர் கையில் கொடுத்தாள்.

"கீரை எவ்வளவு ஜில்லுனு இருந்தாலும் தாங்கும் மாமா. இதெல்லாம் வெயிலுக்குப் பழகின காய். வெள்ளரி, கத்திரி, வெண்டை எல்லாமே. ரொம்பக் குளிர் பட்டா உள்ளுக்குள்ள அடிபட்டுடும். ஆனா குளிர்ல இருக்கிற வரைக்கும் காட்டிக்காது. பார்க்கத் தங்கமாட்டம்தான் இருக்கும். வெளியே எடுத்து, சூடு பட்டு, ஒண்ணு ரெண்டு நாள் ஆனப்புறம்தான் புண்ணு மேலே வரும். அப்ப நம்ம கையில ஒண்ணும் இருக்காது."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். காலையில் அவன் பதிலுக்குக் கத்தியிருந்தால்கூடத் தேவலாம். கத்தாமல் போய்விட்டானே!

அவரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். சாவியை எடுத்தார்.

"அந்த ஐஸ்கிரீம்காரன் கடையிலதான் உட்கார்ந்திருப்பான். நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"நானும் வரேன் மாமா."

"நீ இரு. லோடு வர நேரம். பட்டனை அமுக்கினது நான், நான்தான் போகணும். நீ பேசினதுக்கு நீ தனியா அவன்கிட்ட பேசிக்க."

கோபித்துக்கொண்டு போன யாரையும் தேடிக்கொண்டு வாசல்படி இறங்கின மனிதர் இல்லை அவர். மூத்தவன் ஒரு தடவை சண்டை போட்டுக்கொண்டு போனபோது, பசித்தால் தானே வருவான் என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கியவர். இப்போது செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வெயிலில் விறுவிறுவென்று நடந்தார். தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே வந்து, காலையில் தானே திருத்தி வைத்த பேனலைப் பார்த்தாள். பதினொன்று. வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லச் சின்னவனைவிட்டால் வேறு ஆள் ஏது? சூட்டிகையான பையன். லோடு ஏறுவதைப் பார்த்தே எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்லிவிடுவான். அவனிடம் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்கலாம். தனக்கு மட்டும் தெரியும் என்பதில் அப்படி என்ன ருசி கண்டோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. கடைக்குட்டி. இந்தத் தடவை சிரிப்பில்லை.

"அண்ணி, சின்னண்ணன் வீட்டுக்கு வந்திருக்காரு. பீரோவைத் திறந்து துணியெல்லாம் எடுத்துப் பையில வைக்கிறாரு. எங்கேன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாரு. வெளியே ஒரு ஆட்டோ வேற நிக்குது."

"வீட்லயா இருக்கான்? மாமா அவனைத் தேடிக்கிட்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போயிருக்காரே!"

"அப்பாவா? தேடிக்கிட்டா?"

"அவனை எங்கேயும் விடாதே. கையைப் பிடிச்சு வை. நான் மாமாவுக்குப் போன் பண்றேன்."

பண்ணினாள். எடை மெஷினுக்குப் பக்கத்து மேஜையிலேயே மணி அடித்தது. மனிதர் போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

டீ குடிக்கப் போன ஆட்களில் ஒருவர் அப்போதுதான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். காலையில் களுக்கென்று சிரித்தவர்தான். குளிர் அறை நிறையக் காய் இருந்தது. பூட்டு இருந்தது. சாவி மாமனார் சட்டைப் பையில், தப்பான தெருவில் போய்க்கொண்டிருந்தது. இன்று காலை மாமனார் இருக்கிற தைரியத்தில் போனதைத் தவிர, கதவைப் பூட்டாமல் அவள் ஒரு நாளும் இந்தக் கொட்டகையை விட்டு இறங்கியதில்லை. பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம்.

கதவை அழுத்திச் சாத்தினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"அண்ணே, நான் வீடு வரைக்கும் போயிட்டு வரேன். ரூமைப் பார்த்துக்கங்க."

"நீங்க போங்க அக்கா. நான் பட்டனைத் தொடவே மாட்டேன்!" என்றார் அவர் பயந்துபோய்.

வாசல்வரை ஓடினவள் நின்றாள். திரும்பி வந்து அவரைப் பேனலுக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"இதுல பதினொண்ணு இருக்கணும். பத்துக்குக் கீழே போச்சுன்னா இந்த மேல் பட்டனை அமுக்குங்க. பயப்படாம அமுக்குங்க. ஏன்னு வந்து சொல்றேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் பலமாக ஆட்டினார்.

அவள் ஓடினாள். கொழுந்தனுக்காக ஓடினாளா, அடுத்த வாரம் வரப்போகிற கண்ணாடிக்கார அம்மாவுக்காக ஓடினாளா என்று நீங்கள் கேட்டால், எனக்கும் தெரியாது. அவளைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது. காலையில் அவனைப் பார்த்து அவள் பேசிய ஒரு வாக்கியம் மட்டும் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. அதை அவன் ஊரைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது.

பாதித் தெருவில் போன் மறுபடி அடித்தது.

"அண்ணி," கடைக்குட்டி விசும்பினாள். "கையைப் பிடிச்சேன். மெதுவா எடுத்துவிட்டுட்டாரு. 'அண்ணிகிட்ட சொல்லு, நான் எதையும் தொடலை'ன்னாரு. ஆட்டோ கிளம்பிருச்சு."